மூன்றாவது ஓலை

இயேசு மரி சூசை

மரக்காணம்

என் செல்ல மகன் பெலிக்ஸுக்கு அம்மா எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, உன் அப்பாவின் கோபமும் இரண்டு வருடமாக ஒரு நோய்நொடி இல்லாமல் நன்றாகவே இருந்தது. நீயும் மத்தேயுவும் அந்தப் பிரான்சுக் குளிரில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மழை முந்திக்கொண்டு வந்து பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது, அப்பாவுக்கு உப்பளத்தில் வேலையில்லை, வீட்டில் உட்கார்ந்து எனக்கு மீன் கழுவச் சொல்லித்தருகிறார்.

நீ மத்தேயுவைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவர் உன் பேரை வாயால் சொல்லவில்லை. அவர் கூப்பிடாமல் ஊருக்கு வரமாட்டேன் என்று நீயும் சொல்லிவிட்டாய். நடுவில் நான் ஒருத்தி. இதில் அடுத்த மாதம் நகராட்சியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடப் போகிறோம், கோயில் கல்யாணம் இல்லை, சர்க்கார் பதிவுதான் என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசே ஆறவில்லை. கரண்ட் கனெக்‌ஷன் வாங்கவும் கையெழுத்து, என் பிள்ளை வாழ்க்கைக்கும் வெறும் கையெழுத்தா? நம் தெருவில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்காமல் யாரும் சேர்ந்து வாழ்ந்ததில்லை. நேரே பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். கோயிலுக்குள் வாசிக்க எனக்கு அதிகாரமில்லை என்று பாவம் கையைப் பிசைந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிறுதோறும் வீடு மாற்றி நீங்கள் கூடுகிற அன்பிய ஜெபக் கூட்டத்தில் என்ன வாசிக்கிறீர்கள் என்று நான் வந்து பார்ப்பதில்லை என்றார். குருமடத்தில் நன்றாகத்தான் படிப்பு சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முதல் ஞாயிறு கூட்டம் உன் அத்தை ஆரோக்கியசெல்வி வீட்டில். அப்பாவும் வழக்கம்போல வந்து கடைசியில் உட்கார்ந்தார். உபதேசியார் ஜான்சனுக்கு அவரைப் பார்த்துப் பயம், அதனால் அற்புதமேரியின் மகன் பெலிக்ஸ், பியேர் ஆன்மேரி இவர்களின் மகன் மத்தேயு என்று உன் அப்பா பேரை விழுங்கிவிட்டு வாசித்தார். அடிதடி வரும் என்று நான் பயந்தேன். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். பையன் ஆர்.சி.யா, வேறு சபையா என்று கேட்டாள். ஆர்.சி.தான், அவர்கள் ஊர்ப் பெரிய மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன் என்றேன். கூட்டமே மூச்சு விட்டது. இரண்டும் ஆம்பளைப் பிள்ளைகள் என்பதை ஒரே வாரத்தில் ஜீரணித்துவிட்டார்கள், வேறு சபை என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் வயிற்றுவலிதான். ஜெயசீலன் மாமா, பையன் என்ன சாதி என்று கேட்டார். அங்கே அதெல்லாம் கிடையாது என்றதும் பெரிய நஷ்டம் வந்தவர் போல முகம் வாடிவிட்டது.

இரண்டாவது ஞாயிறு இன்னும் பெரிய சிக்கல். எது மாப்பிள்ளை வீடு? இரண்டும் மாப்பிள்ளை வீடு. அப்படியானால் சாப்பாட்டில் குறை சொல்ல இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, பரிமாற ஒரு பக்கமும் ஆள் இல்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள், ஜெபமே மறந்துபோனது. கடைசியில் அத்தை எழுந்து, அன்பியத்தில் இருக்கிற இருபத்திரண்டு குடும்பமும் பெண் வீடு, சீர்த்தட்டு நாங்கள் தூக்குகிறோம் என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். இந்த ஜனங்கள் மேல் எனக்கு எவ்வளவோ குறை உண்டு பெலிக்ஸ், அன்றைக்கு மட்டும் ஒன்றுமில்லை.

மூன்றாவது ஞாயிறு நம் வீட்டு முறை. ஜான்சன் வாசித்து முடித்துத் தடை உண்டா என்று கேட்டதும் அப்பா எழுந்து நின்றார். அத்தை சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இருக்குது. அவன் என்ன அப்பன் இல்லாத புள்ளையா? மூணு வாரமா என் பேர உட்டுட்டே வாசிக்கிற. மொதல்லேர்ந்து வாசி."

சவரிராயன் அற்புதமேரி இவர்களின் மகன் பெலிக்ஸ் என்று ஜான்சன் மறுபடி வாசித்தார். பின்னால் இருக்கிறவங்களுக்குக் கேட்கவில்லை என்று அப்பா இன்னொரு தரம் வாசிக்க வைத்தார். பிறகு உட்கார்ந்து சுண்டல் தின்றார். நான் அடுப்படியில் போய் அழுதேன்.

கையெழுத்துப் போடுகிற அன்று வெள்ளைச் சட்டை போடு, மத்தேயுவையும் சாப்பிட வைத்துக் கூட்டிப் போ, வெறும் வயிற்றோடு போகாதீர்கள். எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே எழுது, இங்கே அதே நேரத்துக்குத் தட்டுத் தூக்க அத்தை பட்டுச்சேலையை வெளியே எடுத்துவிட்டாள். மே மாதத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் வரவேண்டும். மாதா உங்கள் இருவரையும் பக்கத்தில் இருந்து காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே, அந்த நகராட்சிப் பாரத்தில் அப்பா பேர் எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். மூன்று நாளாக என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா
அற்புதமேரி

பெலிக்சு, எழுத்துப் பிழை இல்லாம போடணும். ச வ ரி ரா ய ன்.
அப்பா