இருபத்தெட்டாம் நாள் ரத்தம்

கோவில்பதாகை
வியாழக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு பேபி எழுதுவது. நானும் நம் பெண் யுவராணியும் நான்கு மாடுகளும் சுகம். மஸ்கட்டில் உங்கள் முதுகுவலி குறைந்ததா?

முதலில் நல்ல சேதி. பக்கத்து நெமிலிச்சேரி மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்து மூன்று வாரமாகிறது. நம் தெருவில் ஒரு மாடுகூட எச்சில் ஒழுக்கவில்லை, ஒன்றும் நொண்டவில்லை. ஜெயித்துவிட்டோம் மாமா!

இந்த வருஷம் கோமாரி ஊசி போடும் முன்பு ஒருமுறை, போட்ட இருபத்தெட்டாம் நாள் ஒருமுறை, கால்நடை டாக்டர் அகல்யா நம் மாடுகளிடம் ரத்தம் எடுத்தார். ஊசியால் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கத்தான். போன மாதமே ரிசல்ட் வந்தது. நான்குக்கும் நன்றாக ஏறியிருந்தது. கிழட்டுச் செவலைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம். கர்வம் தாங்காமல் தெரு முழுக்கச் சொன்னேன்.

எதிர்வீட்டுக் கிருபாகரன் சிரித்தான். "இன்னாக்கா, பேப்பர்ல ஏறி இன்னா பிரயோஜனம்? போன வருசம் ஊசி போட்டும் உன் கருப்பி மாடு செத்துப் பூட்ச்சே" என்றான். அதைச் சொல்லித்தான் தெருவில் பாதிப் பேர் ஊசி முகாமுக்கே மாட்டை ஓட்டிப் போகவில்லை. நீங்களும் அதனால்தானே மாடுகளை விற்றுவிடலாம் என்றீர்கள்?

மாமா, கருப்பிக்கு ஊசி போடவே இல்லை. போட்டால் இரண்டு நாள் பால் குறையும், ஃபிளாட்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன். பக்கத்தில் பாதி கட்டிய கட்டடத்துக்குப் பின்னால் அவளை மறைத்துக் கட்டிவிட்டு, என்னிடம் நான்கு மாடுதான் என்று ஊசி போட்டவர்களிடம் சொல்லிவிட்டேன். மற்ற நான்கும் எப்படித் தப்பின என்று நீங்களும் கேட்கவில்லை. வருஷம் முழுக்க ஊசியின் மேல் பழியைப் போட்டு உங்களிடம் அழுதேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அன்று கிருபாகரனிடம், எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அவனே முதல் ஆளாக டாக்டரம்மா எதிரில் மாட்டோடு நின்றான். அவன் பின்னால் பதினோரு மாடு! இன்று அத்தனையும் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லிவைத்த மாட்டு வியாபாரி ராமன் நம் மாடுகளை ஓட்டிப் போக வருகிறார். வரவேண்டாம் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். இனி எந்த மாட்டையும் மறைக்கமாட்டேன், உங்களிடமும் எதையும் மறைக்கமாட்டேன். கருப்பிக்காக நீங்கள் என்னைத் திட்டத்தான் வேண்டும். அதை மட்டும் நேரில் வந்து திட்டுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
பேபி