சப்பாத்து மிதித்த எஞ்சின்

மச்சான்,

காலையில் ஈயம் உருக்கினேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே, கட்டுக்கலை வீட்டு முன்னறையில் பனியனோடு குந்தியிருந்து பால்மாத் தகரத்தில் பொம்மை ரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்த நீ கண்முன் வந்துவிட்டாய். அந்த நினைப்போடே வேலை செய்திருப்பேன். கெடுக்க வந்தான் உன் பழைய எதிர்வீட்டுக்காரன்.

ஏதோ ஒற்றுமைக் கண்காட்சியாம், அவன்தான் பொறுப்பாம். நாம் முதன்முதல் செய்த எஞ்சினை, அதுதான் அந்த நசுங்கியதை, தட்டி நிமிர்த்தி நிறம் பூசித் தரவேண்டுமாம். "இப்ப உங்கட கை நல்லாத் தேறியிருக்கு. இந்த நெளிவைப் பார்க்க எனக்கே ஒருமாதிரிக் கிடக்கு," என்றான். வெறுங்காலால் வெற்றிலை எச்சிலை மிதித்ததுபோல் இருந்தது எனக்கு.

பழசைத் திருத்துவதில் நமக்குள் எவ்வளவு சண்டை! புதிதாக ஒரு நுணுக்கம் கைக்கு வந்துவிட்டால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளையெல்லாம் கழற்றிப் பரப்பிவிடுவாய். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன். ஓடுகிற சாமானைக் கழற்றுவது எனக்குப் பாவம் மாதிரி. "ஓடுதுல்ல, விடேன்டா," என்று கத்துவேன். நீ நிமிர்ந்தும் பார்க்கமாட்டாய். "நாங்கள் விட்ட பிழை மச்சான், நாங்கள்தான் திருத்தோணும்," என்பாய். அந்த முதல் எஞ்சினின் புகைபோக்கியை எத்தனை தடவை பிடுங்கிப் பிடுங்கி ஒட்டினாய்!

அந்தப் பைத்தியத்தில்தான் பேராதனை ரயில் பாலத்தை அளக்கப் போனோம். முன்பு செய்த பாலம் உனக்குப் பிடிக்கவில்லை. அசல் மாதிரியே வரவேண்டுமாம். சந்திக்குச் சந்தி ராணுவம் மறித்துச் சோதிக்கும் யுத்த காலம், யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் ரயில் பாலத்தில் டேப் பிடித்து நிற்கலாமா? நம் இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை. அளவெல்லாம் குறித்து வரைந்த படத்தை நீ முன்னறைச் சுவரிலேயே ஒட்டிவைத்தாய். தேத்தண்ணி குடிக்க வந்த எதிர்வீட்டுக்காரன் அதைப் பார்த்தான். உன் ஊர்க்காரன், உன் வீட்டுப் புட்டைத் தின்றவன். தன்னை நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளத் தானாகவே ராணுவத்திடம் போய்ச் சொல்லிக்கொடுத்தான். பிற்பாடு என்னிடமே நியாயம் பேசினான்: சொல்லாவிட்டால் அவனையும் பிடித்திருப்பார்களாம்.

வந்தவர்கள் படத்தைக் கிழித்தெடுத்தார்கள். ஒருவன் எஞ்சினைத் தரையில் வைத்து, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சப்பாத்துக் காலால் மிதித்தான். சிரித்தான். உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது உன் வலதுகை விரல்கள் மடங்கவில்லை. சாகும்வரை நீ ஈயம் உருக்கவே இல்லை.

உன் பங்கையும் சேர்த்து இப்போது நான்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆமாம், நானேதான், சிரிக்காதே. சக்கரங்களை மாற்றினேன், கோணல் ஒட்டுகளை உருக்கி எடுத்தேன், புகைபோக்கியும் ஒருவழியாக நேராக நிற்கிறது. அந்த நசுங்கலை எடுப்பது அரை மணி நேர வேலை. சின்ன மரச்சுத்தியலை அதற்கென்றே கையில் எடுத்தும் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வைத்துவிடுவேன். ஏன் என்று எனக்கே விளங்காமல் இருந்தது. இன்று அவன் வாயால் கேட்டபோதுதான் விளங்கியது.

"அது நாங்க விட்ட பிழை இல்லீங்க," என்றேன். "வேணும்னா இப்படியே கண்காட்சியில வைங்க. யாரு மிதிச்சது, யாரு காட்டிக் குடுத்ததுன்னு சனங்க கேட்டா, பக்கத்துல நின்னு நீங்களே சொல்லுங்க."

பழசைக் கிளறக்கூடாது என்று முணுமுணுத்தான். எழும்பும்போது, வேறு நல்ல எஞ்சின் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டான், மச்சான். கேட்டானடா! படலைவரை போய் அவனை வெளியே விட்டுக் கொக்கியைப் போட்டேன். அவன் இருந்த கதிரையைத் துடைத்தேன்.

அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அதைத் திருத்துகிற அளவுக்கு என் கை தேறவில்லை. தேறவும் வேண்டாம்.