குதிரைக்காரன் ஏன் திரும்பவில்லை

12.9.78, செவ்வாய். நல்ல வெயில்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இன்று காலை எட்டேகால் மணிக்கு என் மேலுதட்டில் மூன்றாவது முடி முளைத்தது. வீட்டில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. தம்பி அதை அழுக்கு என்கிறான்.

மற்றவை: கணக்குப் பரீட்சை, சுமார். தமிழ் சார் சைக்கிளின் பின்சக்கரக் காற்றுக்கு என் தயவில் விடுதலை. கழற்றிய வால்டியூப் என் ஜாமெட்ரி பாக்ஸில். செந்துறை ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாராம்.

13, புதன்.

சிரிப்பு நின்றது. சைக்கிள் ஷெட் பக்கம் கடைசியாக நின்றவன் செல்வராசு, என் பெஞ்சுக்காரன். சார் அவனை முட்டி போட வைத்தார். திங்கட்கிழமை அப்பாவோடு வந்தால்தான் வகுப்பாம். அவன் அப்பா குன்னம் பக்கம் வெங்காய வேலையில். வந்தால் படிப்பை நிறுத்திக் கையோடு கூட்டிப் போய்விடுவார். போன வருடமே சொன்னவர்.

நாளை சொல்லிவிட வேண்டும்.

14, வியாழன். தூறல்.

சொல்லவில்லை. சார் என்னைக் கேட்கவே இல்லையே.

நாளை பட்டிமன்றம். துணைப்பாடக் கதை. லாயத்தைத் திறந்து போட்டது அமைச்சர். பட்டத்துக் குதிரை ஓடிவிட்டது. பழி குதிரைக்காரன் மேல். அமைச்சர் வாயே திறக்கவில்லை. அவர் கயவரா, கோழையா? சீட்டுக் குலுக்கலில் எனக்குக் கயவர், செல்வராசுவுக்குக் கோழை.

சோறு தின்னும்போது அவனிடம் கேட்டேன். சபையில் குதிரைக்காரன் அவ்வளவு பேசுகிறானே, ஒரு தடவைகூட அமைச்சர் பக்கம் திரும்பவில்லையே, எழுதியவர் மறந்துவிட்டாரா என்று.

"மறக்கலடா. திரும்புனா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும்ல."

புளிச்சோற்றிலிருந்த கடலையை என் பக்கம் தள்ளினான்.

15, வெள்ளி.

என் பேச்சில் மண்டபம் அதிர்ந்தது. அமைச்சரைக் கிழித்துக் கொடியில் காயப் போட்டேன். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம். என் சரித்திரம் எழுதப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

17, ஞாயிறு. வேலை ஒன்றும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை எழுதியது பொய்.

முதலில் பேசியது செல்வராசு. "அமைச்சர் கெட்டவரு இல்லீங்க ஐயா. பயந்துட்டாரு. இன்னும் ரெண்டு நாள் குடுத்தா அவரே சொல்லிருவாரு." தலைமையாசிரியரைப் பார்த்தான், தமிழ் சாரைப் பார்த்தான், பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தான். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அடுத்து நான். 'அவையோர்களே' வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கைதட்டல் மட்டும் உண்மை. உட்காரச் சொல்லித் தட்டினார்கள்.

18, திங்கள். மேகமூட்டம்.

விடிந்ததும் சார் வீடு. இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை வால்டியூபை நீட்டினேன். சார் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நீ யாருடா? கயவனா, கோழையா?"

"கோழைங்க சார்."

செல்வராசு அப்பா வர வேண்டாமாம். என் அப்பா வர வேண்டுமாம்.

ஓடிப்போய்ச் செல்வராசுவிடம் சொன்னேன். அவன் இன்னும் அப்பாவுக்குத் தகவலே அனுப்பவில்லையாம். எப்படியும் நான் சொல்லிவிடுவேன் என்று இருந்தானாம்.

மூன்றாவது முடி, முகம் கழுவியதில் போய்விட்டது. அழுக்குதான்.