ரைட்டர் போட்டிருந்த என் கண்ணாடி

நாகலூர் எஸ்டேட்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, கிருஷ்ணம்மாள் எழுதுவது. நான் சுகம். ஊரில் உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பேரன் பாலகுமார் ஓட்டத்தில் ஜெயித்ததையும், பேத்தி சுகுணா நர்சு வேலைக்குச் சேர்ந்ததையும் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் படித்த பேத்தி சுதாராணி இங்கே செய்ததைக் கேளுங்கள்.

எஸ்டேட்டில் நடந்த கண் முகாமுக்கு அவள்தான் போனில் பட்டியல் போட்டாள். சேலத்து மூக்குக்கண்ணாடிக் கடை கேட்டதும் அந்தப் பட்டியல் தானாகப் போய்விடும். வரிசையில் எத்தனையாவது ஆளோ, அதுவே நம்பர். நான் பதினான்கு. கடையில் அந்த நம்பர்படி கண்ணாடி செய்த பிறகு, எனக்கு மேலே இருந்த ஒருத்தி விலகினாள். கீழே இருந்த நாங்கள் ஆளுக்கு ஒரு நம்பர் மேலே ஏறிவிட்டோம். எனக்காகச் செய்த பதினான்காம் கண்ணாடி, எனக்கு அடுத்து இருந்த எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டருக்குப் போனது. எனக்கு வந்ததில் காப்பிப் பழமும் காயும் ஒன்றாகத் தெரிந்தன. காயைப் பறித்தால் மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, என்ற கண்ணாடியப் போட்டுக்கிட்டு நிக்கறீங்களே!" என்றேன்.

"அதான் உன்ற கூடை ரெண்டாத் தெரியுதா!" என்றார். காடே சிரித்தது.

"பேரைப் பாத்துக் குடு கண்ணு" என்றேன் சுதாராணியிடம்.

"கிருஷ்ணம்மாளே மூணு பேர் இருக்கீங்க அம்மாயி" என்றாள்.

பிறகு ஆளுக்கொரு நிரந்தர நம்பர் கொடுத்தாள். வரிசை மாறினாலும் அது மாறாது. ஆள் விலகினாலும் அடுத்தவருக்குப் போகாது. நேற்று அவரவர் கண்ணாடி அவரவருக்கு வந்தது.

போட்டதும் உங்கள் பழைய படத்தைத்தான் எடுத்துப் பார்த்தேன். மீசை நொம்பக் கருப்பு. இப்போது எப்படியோ. தபால் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன். புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள்.