வாயைத் திறக்காத ஆயாவுக்கு

ஆயா,

இன்று காலை மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் முகம் கழுவப் போனேன். பக்கத்தில் யாரோ கரித்தூளில் உப்பைக் கலந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் இருந்த பழைய கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. நீங்கள் செத்து இன்னும் முப்பது நாள்கூட ஆகவில்லை. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். இருந்தபோது என்னைப் பேச விட்டீர்களா என்ன?

என் காமுவுக்கு அப்போது இரண்டரை வயது. விடிந்ததும் பெரட்டு, தோட்டத்து வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரம். அதற்குள் தாய்மாரெல்லாம் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் உங்களிடம் விட்டுவிட்டு, கொழுந்துக் கூடையோடு ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். பிந்தினால் கங்காணி அன்றைக்கு வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார். நீங்களோ காம்பரா வாசலை மறித்துக்கொண்டு நிற்பீர்கள். வாய் கழுவாத பிள்ளையை உள்ளே எடுக்கக்கூடாது என்று மருந்துக்கார ஐயா சொல்லியிருந்தாராம். அவர் பேச்சு உங்களுக்கு வேதவாக்கு.

காமு கரித்தூளைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் கெஞ்சிப் பார்த்து, முடியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கழுவலையா? குடு இங்க," என்றீர்கள். அவளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, மூக்கைப் பிடித்தீர்கள். மூச்சு விட வாய் திறந்ததுதான் தாமதம், கரி விரலை உள்ளே விட்டு உரசினீர்கள். அவள் கடித்துவிட்டாள். கடிக்காமல் என்ன செய்வாள்? பிள்ளையின் ஈறில் ரத்தம். நீங்கள் உங்கள் விரலை உதறிக்கொண்டு, அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னீர்கள்: "புள்ள வளத்த லட்சணத்தப் பாருங்கடி. ஒரு வாயத் தொறக்க வைக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ள?"

காமுவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் எனக்குத் தங்கவில்லை. இரண்டையும் குழிக்கு அனுப்பும்போது கூட நின்றவர் நீங்கள். தெரிந்தேதான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என் பிள்ளை கஞ்சிக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தவளைப் பார்த்தபோதுதான் மனதுக்குள் சபதம் எடுத்தேன். இவள் தானாக வாயைத் திறக்க வேண்டும். அதே பெண்கள் முன்னால் உங்கள் வாய் மூட வேண்டும்.

பெரட்டு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலிக் கல்லில் உட்கார்ந்து, கரித்தூளை அவள் கையில் கொடுத்தேன். "அம்மா பல்லுல என்னமோ ஒட்டியிருக்கு, நீ தேய்ச்சு விடு," என்று வாயைத் திறந்து காட்டினேன். முதலில் எட்டிப் பார்த்தாள். பிறகு விரலை விட்டாள். என் பல்லைவிட மூக்கும் கன்னமும்தான் கறுத்தன. அவளுக்கு ஒரே சிரிப்பு. நான் அவள் வாய்ப்பக்கம் கையைக் கொண்டே போகவில்லை. மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் எனக்குத் தேய்த்து முடித்த விரலைத் தன் வாயில் விட்டாள். உப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி தூளைத் தொட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. நீங்கள் எப்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவீர்கள். முன்பல் நாலும் இல்லை என்பது ஒரு நாள் பீலியில் பார்த்த எனக்கு மட்டும்தான் தெரியும். "ஆயாவுக்கும் தேய்ச்சு விடணும், சரியா?" என்று காமுவுக்குத் தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். எல்லாரும் கூடியிருந்த ஒரு காலையில் அவளைக் கரி விரலோடு உங்களிடம் விட்டேன்.

"ஆயா, ஆ காட்டு," என்று மடியில் ஏறி முந்தானையை இழுத்தாள். நீங்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினீர்கள். அசல் காமுவேதான். "ஒரு வாயத் தொறக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு ஆயா வேல?" என்று சத்தமாகக் கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மலையில் எனக்குக் கூடை பாரமே தெரியவில்லை.

ஆனால் நீங்கள் லேசுப்பட்டவரா? பத்து நாளில் காம்பராப் பிள்ளைகள் எல்லாம் ஒருத்தர் பல்லை ஒருத்தர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காம்பராவைப் பார்க்க வந்த துரைசாணி, தோட்டத்துத் துரையின் மனைவி, உங்களைப் பாராட்டினார். நான் காம்பராவை ஒட்டிய பங்களாப் பாதையில் கூடையோடு நின்று கேட்டேன். என் பெயர் உங்கள் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் உங்களோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களுக்கு வாய்க்கரிசி போட லயத்துச் சனமே வரிசையில் நின்றது. ஊருக்காக நானும் ஒரு பிடி அரிசியோடு நின்றேன். எனக்கு முன்னால் காமு. இப்போது கொழுந்தெடுக்கிற பெண். குனிந்தவள் அரிசியைப் போடாமல் உங்கள் முகத்துப்பக்கம் இன்னும் சாய்ந்தாள். பிறகு மெதுவாக, "ஆயா, ஆ காட்டுங்க," என்றாள். முந்தானை இல்லாத முகம், தாடையைக் கட்டிய வெள்ளைத் துணி, இறுகிய உதடு. பெண்கள் கதறினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் முறை வந்தபோது அரிசியைப் போடாமலே விலகி வந்துவிட்டேன். அதுதான் என் கணக்கு.

வழியில் காமு சொன்னாள்: "ஆயா எங்களுக்குப் பல்லு தேய்ச்சு விடுறப்பல்லாம் சொல்லுவாங்கம்மா, இது காமு அம்மா காட்டிக் குடுத்ததுன்னு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. பன்னிரண்டு வருஷம் தினமும் ஒரே வழியில் எதிரும் புதிருமாகப் போனோம். பச்சைப் பிள்ளைகளிடம் சொன்னதை என் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அன்று சொன்ன அந்த வார்த்தைக்குக்கூட உங்களை மன்னித்திருப்பேன். இதற்கு மாட்டேன்.

உங்களுக்கென்று எடுத்த அந்த ஒரு பிடி அரிசி இன்னும் என் முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது. சேலை மாற்றினால் அதையும் மாற்றி முடிந்துகொள்கிறேன்.