இரண்டாம் மதிப்பீட்டாளர்

2024 ஒக்ரோபர் 9, புதன்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு "திருத்தி அனுப்பவும்" என்கிறார்கள். முதல் மதிப்பீட்டாளருக்கு எல்லாம் நல்லம். இரண்டாமவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அவர் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள், என் பெயரும் அவருக்குத் தெரியாது. ஆய்வு இதழ்களில் அப்படித்தான் சட்டம். மத்தியானம் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இலத்தீன் வினைச்சொல் படிப்பித்துக்கொண்டே அந்த ஆளை உள்ளுக்குள் திட்டினேன்.

ஒக்ரோபர் 11

இரண்டாம் தரம் வாசித்தேன். கோபம் கொஞ்சம் ஆறிவிட்டது.

பழைய உரோமை அங்கதப் பாட்டுகளில் அடிக்கடி ஒருத்தன் வருவான். பணக்காரன் வீட்டு விருந்துக்குப் போன ஏழை. வீட்டுக்காரனுக்குத் தின்ன நல்ல வெள்ளைப் பாண், இவனுக்குப் பூஞ்சணம் பிடித்தது. இருந்து திட்டித் தீர்ப்பான். அந்தக் கோபம் கவிஞர் போட்டுக்கொண்ட முகமூடி, அவர் பின்னால் நின்று சிரிக்கிறார் என்று எழுதினேன். ஐம்பது வருடமாகப் பெரிய ஆட்களெல்லாம் சொல்வதுதான்.

இரண்டாமவர் எழுதுகிறார்: "முகமூடி சரி. ஆனால் இந்த மனிதன் இவ்வளவு திட்டியும் எழுந்து போகவில்லையே, ஏன்? ஆசிரியர் இந்தக் கேள்விக்குப் பயப்படுகிறார். வரிகளை ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பார்க்கவும்."

வாய்விட்டு வாசிக்கச் சொல்கிற ஆய்வாளர் எத்தனை பேர் இருக்கினம்? எனக்கு ஓராளைத்தான் தெரியும்.

ஒக்ரோபர் 12, சனி

ஜோசுவாதான். வேறு யார்?

கத்தோலிக்கக் குருமடத்தில் ஏழு வருடம் இருந்து, குருப்பட்டத்துக்கு முதலே வெளியில் வந்தவர். இலத்தீன் அங்கே படித்தது. என் கிளடிஸ் அக்காவின் மனுசனுக்குச் சிநேகிதன். ஆறு வருடம் சனிக்கிழமைகளில் அஜின்கோர்ட் நூலகத்தில் எதிரெதிரே இருந்து இந்த அங்கதக்காரர்களை வாசித்தோம். அவர் சத்தமாகத்தான் வாசிப்பார். நூலகக்காரி எத்தனை தரம் வந்து வாயை மூடச் சொல்லியிருப்பா!

நாலு வருடத்துக்கு முதல் எட்மன்ரனில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போனார். கொண்டுபோய் விட்டது நான்தான். விமான நிலையத்தில் நின்று "வேறென்ன?" என்று கேட்டார். ஒண்டுமில்லை என்றேன். திரும்பவும் கேட்டார். பனிக்குள்ளே நடக்க நல்ல சப்பாத்து வாங்குங்கோ என்றேன்.

விசரி. நாற்பது வயதுப் பொம்பிளை, சப்பாத்தைப் பற்றிக் கதைச்சிட்டு வந்தவள்.

ஒக்ரோபர் 20

நேரே கேட்கலாம்தானே? நத்தாருக்கும் கோயில் பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்புகிறவர், இதற்கும் பதில் போடுவார். ஆனால் மதிப்பீட்டாளரைப் பிடித்து நீங்களோ என்று கேட்பது முறையில்லை. அவருக்கும் சங்கடம், இதழுக்கும் சங்கடம்.

நல்ல சாட்டு உனக்கு, அன்ரனெற்.

நவம்பர் 16

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதுவதென்றால் இரண்டு பக்கம் போதும். இந்த இடத்தைத் திருத்தினேன், அந்த இடத்தை விட்டேன், நன்றி. என்னுடையது பதினொரு பக்கம் வந்திருக்கிறது.

வாய்விட்டு வாசித்தேன். வீட்டில் ஆளில்லை, எனக்கென்ன வெட்கம். அவர் சொன்னது சரி. அந்த ஏழை பாணுக்காகத் திட்டவில்லை. வீட்டுக்காரன் ஒருதரமாவது தன் பக்கம் திரும்பிப் பார்ப்பான் என்று இருக்கிறான். எழுந்து போனால் அதுவும் இல்லை. திட்டிக்கொண்டிருந்தால் இன்னும் அந்த மேசையில் தனக்கு இடமிருக்கிறது என்று நினைக்கலாம். இதெல்லாம் எழுதினேன். எழுத எழுத அழுகை வந்தது. ஆராய்ச்சிக்கு அழுகிற ஆளை நான் கண்டதில்லை.

நவம்பர் 17

அனுப்பிவிட்டேன். பதினொரு பக்கமும்.

2025 ஜனவரி 23, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள்! இரண்டாமவர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இப்போதுதான் ஆசிரியர் பேசுகிறார்."

பஸ்ஸுக்குள் வைத்து வாசித்தேன். இறங்கவேண்டிய இடம் போய், அடுத்ததும் போய், பனிக்குள்ளால் நடந்து வந்தேன். என்னைக் கண்டுபிடிச்சிட்டார். நான்தான் என்று தெரிந்துதான் இப்படி எழுதியிருக்கிறார்.

எவ்வளவு ஆசையாய் இருக்குது அந்தக் குரலைக் கேட்க. வேறொன்றும் வேண்டாம், முன்னுக்கு இருந்து பத்து வரி வாசித்தால் போதும். பொய். பத்து வரி போதாது.

மார்ச் 30

தன் மகள் முதல் நன்மை வாங்குகிற பூசைக்குப் பிள்ளையின் ஞானத்தகப்பன் வாறாராம் என்று கிளடிஸ் அக்கா போன் எடுத்துச் சொன்னா. அந்தச் சின்னன் ஜோசுவாவின் ஞானப்பிள்ளை என்பதையே நான் மறந்துபோனேன். நல்ல சீலையாய்ப் பார்த்துக் கட்டு என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தா. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். சும்மாவாம்.

மே 4, ஞாயிறு

பூசை முடிந்து எல்லாரும் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனோம். ஜோசுவா நரைத்துவிட்டார். கார் விடுகிற கறாச்சுக்குள் கதிரை அடுக்க வந்த இடத்தில் தனியே பிடித்தேன். சட்டமாவது மண்ணாவது. உங்கட றிப்போட்டுக்கு நன்றி என்றேன்.

என்ன றிப்போட் என்று கேட்டார்.

சொன்னேன். முகத்தைப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. அவர் இல்லை. அந்தக் கல்லூரியில் இலத்தீனை மூடி மூன்று வருடமாம். இப்போது பிள்ளைகளின் விண்ணப்பம் பார்க்கிற வேலை. அதற்குப் பிறகு ஒரு வரியும் வாசிக்கவில்லையாம். அதை எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வெட்கம் என்றார்.

பிறகு மெல்லமாய்க் கேட்டார்.

"நான் எண்டு நினைச்சோ எழுதினனீர்?"

"ஓம்."

"பதினொரு பக்கமும்?"

"ஓம். அண்டைக்கு நான் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வரேல்லை. போகாதையுங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்."

கையில் பிடித்த கதிரையை அவர் கீழே வைக்கவே இல்லை. நாலு வருசம் பிந்திச் சொல்லுறீர் என்றார். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். பின்னேரம் அவருக்கு விமானம்.

மே 5

ஐயோ மாதாவே. முன்பின் தெரியாத எந்த மனுசன் என்ர பதினொரு பக்கத்தையும் இருந்து வாசிச்சதோ!

ஜூன் 14, சனி

எட்மன்ரனில் இருந்து போன். சுகம் விசாரித்தார், நானும் விசாரித்தேன். பிறகு அந்தப் பதினொரு பக்கக் கடிதத்தை அனுப்பச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு எழுதினதை நான்தானே வாசிக்கவேணும்."

அனுப்பினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

ஜூன் 21

பதில் இல்லை.

ஜூன் 29

இல்லை. பதினொரு பக்கம் வாசிக்க ஒரு ஆளுக்கு எத்தனை நாள் வேணும்? திட்டிக்கொண்டு இருக்கிறேன். எழுந்தும் போகவில்லை.

ஓகஸ்ற் 23, சனி

இதழ் தபாலில் வந்தது. உறையை உடைத்தது நான் இல்லை. நான் மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்க, மற்ற அறையிலிருந்து என் கட்டுரை சத்தமாக வந்துகொண்டிருந்தது. பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையாம். வாசித்து முடித்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்று சொன்னார்:

"உம்மட இரண்டாம் மதிப்பீட்டாளர் சரியான இரக்கக்காரர். நானெண்டால் இன்னொருக்கா திருப்பி அனுப்பியிருப்பன்."

கடிதத்துக்குப் பதில் போடாமல், மூன்று நாளைக்கென்று ஆளே வந்து நின்றவர். இன்றைக்கு ஒன்பதாம் நாள். படுக்கிறது கிளடிஸ் அக்கா வீட்டில், விடிந்தால் இங்கே. திரும்பிப் போகிற ரிக்கற் இன்னும் எடுக்கேல்லையாம். நானும் ஞாபகப்படுத்தேல்லை.