பின்கட்டில் படித்த மாலைப் பேப்பர்

ஜூன் 11, புதன்

இன்றைக்கு மாலைப் பேப்பரில் முதல் பக்கத்தில் ஒரு ஆடு. மானாமதுரைப் பக்கம் ஒருவர் ஆட்டைத் திருடி, அதையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஆட்டின் சொந்தக்காரி முன் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் ஆடு கத்திவிட்டது. ஓட்டுநர் பஸ்ஸை நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டுவிட்டாராம். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஐம்பத்தொன்பது வயதில்!

மூன்றே முக்காலுக்குப் பேப்பர்காரர் முத்துக்கண்ணன் பின்வாசலில் பெல்லை ஒரே ஒரு தடவை அடிப்பார். அந்நேரம் என் வீட்டுக்காரர் முன்கட்டில் தூக்கத்தில் இருப்பார். நாலரை மணி வரை பேப்பர் என்னுடையது. பிறகு சாமான் அறையில் பெரிய அண்டாவுக்குள் போய்விடும். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

இவர் கல்லூரியில் இங்கிலீஷ் புரொபசராக இருந்தவர். காலையில் இரண்டு இங்கிலீஷ் பேப்பர் படித்தால்தான் இவருக்குப் பலகாரம் இறங்கும். நேற்றுகூட முடிவெட்டிக்கொண்டு வந்து சொன்னார்: "சலூன்ல ஆறு பேரு உக்காந்திருக்காக. ஆறு பேரு கையிலயும் அந்தக் கொலைப் பேப்பர்தான். அதைப் படிக்கிறவுகளுக்கு வேற என்ன தெரியும் சொல்லு?"

கொலை இருக்கிறது, உண்மைதான். ஆடும் இருக்கிறதே.

ஜூன் 14, சனி

ஏன் எனக்கு அந்தப் பேப்பர் பிடிக்கிறது? இன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். இவர் படிக்கும் பேப்பரில் நூறு பேர் செத்தால் நூறு என்று போட்டிருக்கும். என் பேப்பரில் ஒருத்தி மாடிப்படியில் வழுக்கி விழுந்தால்கூட அவள் பேர், பக்கத்தில் வயது, எந்தத் தெரு, என்ன வேலை, எல்லாம் வரும். இந்தப் பக்கத்து மனிதர்கள் அதில்தான் வருகிறார்கள்.

பொழுதும் போகிறது. அதையும் எழுதிவிட வேண்டியதுதான். பொய் எதற்கு?

ஜூன் 22, ஞாயிறு

இவருடைய பழைய மாணவர் கார்த்திகேய சிவம் மனைவியோடு வந்திருந்தார். சென்னையில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவராம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டினார். சாமான் அறை வரை போவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தப் பெண்தான் பழைய பாத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் புருஷன் அண்டா மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஆறு மாதப் பேப்பர். மேலாக இருந்ததில் சிவப்பு எழுத்தில் 'கள்ளக்காதலனை' என்று தொடங்கும் தலைப்பு. மிச்சத்தை இங்கே எழுதவும் கூசுகிறது.

"சார், உங்க வீட்டுலயா இது?" என்று அவர் சிரித்தார்.

இவர் முகம் சுண்டிவிட்டது. அப்போது பார்த்துப் பொன்னுத்தாயி காபித் தட்டோடு வந்து நின்றாள். பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை பார்க்கிறவள். இவர் அவள் பக்கம் கையை நீட்டினார்.

"எல்லாம் இவ வேலைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சாப் போதும், இந்தக் குப்பைதான் வேணும் இவுகளுக்கு."

பொன்னுத்தாயி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் வாயைத் திறக்கலை. ஒரு வார்த்தை சொல்லலை. வந்திருந்த பொண்ணு கையில காபியக் குடுத்து, "சீனி போதுமா?"ன்னு கேட்டேன். சீனி! அந்த நேரத்துல எனக்குக் கேக்கத் தோணினது அதுதான்.

ஜூன் 23, திங்கள்

பொன்னுத்தாயி வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள். பாத்திரம் துலக்கினாள், கூட்டினாள், பேசவில்லை. மத்தியானம் வெங்காயம் உரிக்கும்போது நானே ஆரம்பித்தேன். "நேத்து அவுக ஏதோ வாய்க்கு வந்ததை..."

அவள் நிமிரவில்லை. "ஆச்சி, அந்தப் பேப்பரை நான் கையால தொடமாட்டேன். உங்களுக்குத் தெரியாது. நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தின வருசம் என் தம்பி பெரியகருப்பன் செத்தான்ல?"

கண்மாயில் மூழ்கி இறந்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

"சேத்துல மாட்டுன கன்னுக்குட்டிய இழுக்கப் போனவன் ஆச்சி. மறுநா அந்தப் பேப்பர்ல, குடிபோதையில தவறி விழுந்தான்னு போட்டாக. அவன் பீடிகூடக் குடிச்சதில்ல. எங்க ஆத்தா கண்ணை மூடுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதுச்சு."

அவள் தொடர்ந்தாள். "நீங்க படிக்கிறது எனக்கு எப்பவோ தெரியும். படிங்க, நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா ஐயா என்னையச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான நின்னீக?"

வெங்காயத்தை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் செய்தியை நான் படித்திருப்பேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து. பெரியகருப்பன், வயது இன்னது, கூலித் தொழிலாளி. படித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். 'குடிச்சுட்டுப் போய் விழுந்திருக்கான்' என்று உச்சுக்கொட்டிக்கூட இருப்பேன்.

ஜூன் 24, செவ்வாய்

பொன்னுத்தாயி வரவில்லை. போன் போனது. எடுக்கவில்லை. பேப்பர் வந்தது. பிரிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்றும் வரவில்லை. ராத்திரிப் பலகாரத்துக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் உட்கார்ந்தபடியே, "என்ன, பேப்பரைப் பத்திச் சொன்னதுக்குப் பொன்னுத்தாயி அம்மாவுக்கு ரோஷமா?" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அது என் பேப்பர்."

"எது?"

"அண்டாவுல இருந்தது. நான்தான் வாங்குறேன், நான்தான் படிக்கிறேன். இருபத்தாறு வருஷமா. அவ தொட்டதுகூட இல்ல."

சிரித்தார். "அவளுக்காக நீ ஏன் பரிஞ்சுக்கிட்டு வர்றே?"

இவர் நம்பவில்லை! வேறு வழியில்லாமல் ஒப்பிக்கத் தொடங்கினேன். பஸ்ஸில் ஏறிய ஆடு. சிங்கம்புணரியில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காணாமல் போய், மாமனார் வீட்டு மாடியிலேயே தூங்கிக் கிடந்தது. திருமயத்தில் நகையைத் திருடியவன் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பிப் போட்டது. பேர், வயது, தெரு, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க இவர் சிரிப்பு நின்றது.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா என்னையும் அந்த வரிசையில சேத்துருவீகன்னுதான்."

"எந்த வரிசை?"

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறவுக வரிசை."

பெரியகருப்பனைப் பற்றியும் சொன்னேன். இவர் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போனார்.

கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. எனக்குப் பசி. அப்படி ஒரு பசி. நாலு தோசை சுட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "அவ வீடு எங்குட்டு இருக்கு?"

பதினொரு வருஷமாக அது இவருக்குத் தெரியாது. ஆட்டோ பிடித்துக் கழனிவாசல் போனோம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாயி எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனாள். உள்ளிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இவர் உட்காரவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசினவர், மூன்று வாக்கியத்துக்குத் தடுமாறினார்.

"நான் பேசுனது தப்பும்மா. விசாரிக்காம, வந்தவுக முன்னாடி உன்னைச் சொல்லிட்டேன். உன் தம்பியைப் பத்தி இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

"முதல்ல உக்காருங்கய்யா" என்றாள் அவள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "நான் அங்கயே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் வந்தது.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள். கையை விலக்கிக்கொள்ளவில்லை.

எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது இவர் கேட்டார், "திங்கக்கிழமை வர்றியாம்மா?"

"வர்றேன். ஆனா சென்னையில இருந்து வந்தாகளே, அவுககிட்டயும் சொல்லிருங்க. அவுக என்னையத்தான நினைச்சுக்கிட்டுப் போயிருக்காக?"

எனக்குத் தோன்றவே இல்லை அது.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார். நான் அடுக்களையில் இருந்தேன், காது முன்கட்டில் இருந்தது. "இல்லப்பா சிவம், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தப் பேப்பர் படிக்கிறது என் மனைவி. ஆமா... ஆமாப்பா, சாலாதான். இல்ல, நிறுத்தச் சொல்லலை. எதுக்கு நிறுத்தணும்?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கமா, சந்தோஷமா, தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

இப்போது பேப்பர் முன்வாசலுக்கே வருகிறது. முதல் நாள் முத்துக்கண்ணன் தயங்கித் தயங்கி, "ஆச்சி, இங்குட்டுப் போடலாமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

படிக்கிற விதம்தான் கொஞ்சம் மாறிவிட்டது. 'குடிபோதையில்' என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். யார் பார்த்தார்கள்? வீட்டில் யாரிடமாவது கேட்டார்களா? பொன்னுத்தாயியிடம், நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? படிங்க. போட்டதையெல்லாம் நம்பிறாதீக, அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு அவளே, "இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்றாள். பேப்பரை வாங்கவில்லை. அதை அவள் தொடமாட்டாள். ஆனால் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மாப்பிள்ளை ஓடிப்போன கதைகளுக்குச் சிரிக்கிறாள். சாவுச் செய்திகளை நான் வாசிப்பதில்லை.

இவர் நேற்று என் பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பத்தியில நாலு ஒற்றுப்பிழை" என்றார். படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜூலை 18, வெள்ளி

மழை. பேப்பர் நனைந்து வந்தது. ஃபேனுக்கு அடியில் காயவைத்துப் படித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இவரும் நானும் திருக்கோஷ்டியூர் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம். நல்ல கூட்டம். திரும்பும்போது திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அப்போதுதான் மாலைப் பேப்பர் கட்டைப் பிரித்தார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு ஏறினேன். இவர் கையில் இங்கிலீஷ் வாரப் பத்திரிகை.

பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப்போட்டது. மடியிலிருந்த என் பேப்பர் சரிந்து கீழே விழுந்தது. பக்கத்து சீட்டுப் பெண், காலேஜ் படிக்கிறவள் போல இருந்தாள், அதை எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி இவரிடம் கொடுத்தாள். "சார், உங்க பேப்பர்."

இவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"எனக்கு இல்லம்மா, அவுகளுது. அவுக முடிச்சாத்தான் எனக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும்தான், வாயைப் பொத்தாமல். குன்றக்குடி தாண்டும் வரை இவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. இன்னும் மூன்று பக்கம் இருந்தது.